மூன்று நாள் ஓய்வு யாருக்கு?

திருவனந்தபுரத்தில் வசிக்கும் நம்மவர்கள் அனைவரும் அறிந்த கட்டிடம் பாளையத்தில் உள்ள வி.ஜே.டி. ஹால். இங்கிலாந்து மகாராணி விக்டோரியாவின் பொன்விழா நினைவாக, மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் 1896இல் எழுந்தது. 2019இல் அதற்கு அய்யன்காளியின் பெயரைச் சூட்டினார்கள். 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் அடிமைச் சின்னமாகிய கல்மாலையை அறுத்தெறிந்து ரவிக்கை அணியத் துணிந்தபோது அவர்களுக்குத் துணை நின்றவர் அய்யன்காளி. ஆக, அந்த ஒரே கட்டிடம் ஒரு மகாராணியின் பெயரையும், ஏழைப் பெண்களின் மானத்துக்காகப் போராடியவரின் பெயரையும் அடுத்தடுத்துத் தாங்கியிருக்கிறது.

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை அரசாண்டார். பெண்ணின் உடலைப் பற்றி, குறிப்பாக மாதவிடாயைப் பற்றி, அக்காலத்தில் நிலவிய எண்ணங்கள் லண்டனிலும் நம் ஊரிலும் எப்படி இருந்தன, அவற்றால் ஏழைப் பெண்களுக்கு நேர்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள். இதைப் பெண்கள் அல்லவா எழுதவேண்டும், ரயில்வேயில் தண்டவாளத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற டிப்ளமா இன்ஜினியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தண்ணீர், குழாய், கழிப்பறை, கழிவு அகற்றல் ஆகிய நான்கும் இதில் இருக்கின்றன. அந்த நான்கும் எங்கள் தொழிலைச் சேர்ந்தவை. ஆகவேதான் எழுதத் துணிந்தேன்.

லண்டன் மருத்துவர்களின் விவாதம்

மாதவிலக்கான நாளில் ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, துளசிச் செடியின் பக்கம் போகாதே என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது நம் நாட்டு மூடநம்பிக்கை மட்டும் என்று நினைத்தால் தவறு. 1878இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு விவாதம் நடந்தது. மாதவிலக்கான பெண் தொட்டு உப்பிட்டால் பன்றி இறைச்சி கெட்டுப்போகுமா என்பது கேள்வி. படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள், கெட்டுப்போகும் என்று தங்கள் அனுபவத்தைச் சான்று காட்டி மாதக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். இங்கே ஊறுகாய், அங்கே இறைச்சி. அவ்வளவுதான் வேறுபாடு.

இதைவிடப் பெரிய விவாதம் பெண் கல்வியைப் பற்றியது. 1874இல் ஹென்றி மாட்ஸ்லி என்ற மனநல மருத்துவர், மாதந்தோறும் பெண்ணின் சக்தி வீணாவதால் ஆண்களைப் போல மூளைக்கு வேலை கொடுத்தால் அவள் உடல் கெட்டுவிடும் என்று எழுதினார். பெண்ணுக்கு ஓய்வு வேண்டும், ஆகவே கல்லூரி வேண்டாம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அதே ஆண்டில் அதே பத்திரிகையில் அவருக்குப் பதில் எழுதியவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன். 1865இல் மருத்துவத் தகுதி பெற்ற இவர் இங்கிலாந்தின் முன்னோடிப் பெண் மருத்துவர். இவருடைய பதில் எளிமையானது. உங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்களைப் பாருங்கள், அவர்கள் அந்த நாட்களிலும் வழக்கம்போல வேலை செய்கிறார்களே, அவர்களுக்கு ஓய்வு தரவேண்டும் என்று எந்த வீட்டிலாவது யோசித்ததுண்டா என்ற பொருளில் கேட்டார். 

அமெரிக்காவில் மேரி புட்னம் ஜேக்கபி என்ற பெண் மருத்துவர் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார். 268 பெண்களிடம் விவரம் கேட்டு, சிலருக்கு நாடித் துடிப்பையும் பதிவு செய்து, மாதவிடாய் நாட்களில் எல்லாப் பெண்களுக்கும் கட்டாய ஓய்வு தேவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். அக்கட்டுரைக்கு 1876இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பாயில்ஸ்டன் பரிசு கிடைத்தது. அந்த ஹார்வர்டு தன் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதோ 1945இல்தான்!

ஏழைப் பெண்ணுக்கு ஒரு நியாயம்

ஓய்வு வேண்டும், மென்மையானவள், பாதுகாக்கப்பட வேண்டியவள் என்ற பேச்செல்லாம் வசதியுள்ள வீட்டுப் பெண்ணைப் பற்றியே. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இங்கிலாந்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலைக்காரிகளாக இருந்தார்கள். எஜமானி அம்மாள் மாடியில் படுத்து ஓய்வெடுக்கும் நாளில், கீழிருந்து வெந்நீர் சுமந்து மாடியேறியவள் அவர்களில் ஒருத்திதான். அவளுக்கும் அதே மூன்று நாள் வந்திருக்கும். அவளை யாரும் மென்மையானவள் என்று சொல்லவில்லை.

1842இல் நிலக்கரிச் சுரங்கங்களை ஆராய்ந்த அரசுக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அரைகுறை ஆடையுடன் பெண்கள் சுரங்கத்துக்குள் வண்டி இழுக்கும் படங்கள் அதில் இருந்தன. நாடே அதிர்ந்தது. உடனே பெண்கள் பூமிக்கடியில் வேலை செய்வதைத் தடுத்துச் சட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் மக்களை அதிகம் உறுத்தியது அவர்கள் பட்ட பாட்டைக் காட்டிலும் அவர்கள் உடலில் துணி இல்லாமையே. கூலி இழந்தவர்களுக்கு மாற்று வேலை என்ன என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

1864இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ராணுவ முகாம் உள்ள ஊர்களில், விலைமகள் என்று போலீஸ் சந்தேகித்தால் போதும், அந்தப் பெண்ணைக் கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படுத்தலாம். சிப்பாய்களுக்குப் பரிசோதனை இல்லை! ஜோசபின் பட்லர் என்ற அம்மையார் பல ஆண்டுகள் போராடி 1886இல் அதை நீக்க வைத்தார். இந்தியாவுக்கும் 1868இல் இத்தகைய சட்டம் ஏற்றுமதியானது.

என் தொழிலைச் சேர்ந்த ஒரு செய்தியையும் சொல்கிறேன். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் தாங்காமல் பார்லிமெண்டே தத்தளித்தபோது, ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் லண்டன் முழுவதற்கும் 82 மைல் நீளப் பெரிய கழிவுக் கால்வாய்களைக் கட்டினார். பொறியியல் மாணவர்கள் இன்றும் வியந்து படிக்கும் பணி அது. ஆனால் அந்த நகரில் வேலைக்காக வெளியே போகும் பெண் ஒதுங்குவதற்குப் பொதுக் கழிப்பறை நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. ஆண்களுக்கு இருந்தது. 1900த்தையொட்டி லண்டனின் செயின்ட் பாங்கரஸ் பகுதியில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட வேண்டும் என்று நகரசபையில் வாதாடியவர்களில் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவும் ஒருவர். இடத்தைச் சோதிக்க மரத்தால் ஒரு மாதிரி அமைத்தபோது, எதிர்ப்பாளர்கள் வண்டிகளைக் கொண்டுவந்து வேண்டுமென்றே அதன்மீது மோதினார்களாம்! கழிப்பறை கட்டி முடிக்க ஆண்டுகள் பல ஆயின.

பெண்ணின் உடல் ரகசியம் என்று பேசாமல் விட்டால், அவளுக்கு வேண்டிய வசதியும் திட்டத்தில் ஏறாமல் போய்விடும் என்பதற்கு இது ஓர் உதாரணம். 1896இல், நம் வி.ஜே.டி. ஹால் எழுந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி பெண்களுக்கான நாப்கினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடையில் வாய்விட்டுக் கேட்டு வாங்கப் பெண்கள் கூச்சப்பட்டதால் விற்பனை நடக்கவில்லை. ஏழைகளுக்கோ அந்தப் பேச்சே இல்லை. கந்தல் துணிதான், அதுவும் இருந்தால்.

நம் ஊரில்

இனித் திருவிதாங்கூருக்கு வருவோம். அன்று திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரிப் பகுதியில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்காக நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை அறியாத தமிழர் இருக்க முடியாது. மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணியக்கூடாது என்று 1829இல் அரசாணை. கலவரங்களுக்குப் பின், சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கியதால், 1859இல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் மார்பை மறைக்கலாம் என்று ஆணை வந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக்கூடாது என்ற நிபந்தனை தொடர்ந்தது.

மூடினால் மரியாதைக் குறைவு என்றது சாதி. மூடாவிட்டால் வெட்கக்கேடு என்றார்கள் விக்டோரியா காலத்து வெள்ளைக்காரர்கள். இரண்டு பக்கமும் சட்டம் வகுத்தவர்கள் ஆண்கள். அடிபட்டு, சந்தையில் துணி கிழிக்கப்பட்டு நின்றவர்கள் கூலிக்காரப் பெண்கள். விடாமல் போராடி வென்றவர்களும் அவர்களே.

படிப்பிலும் இந்தக் கதை உண்டு. டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானம் படிக்க விரும்பியபோது, பெண் என்பதால் இடம் மறுத்தார்கள். சரித்திரம் படித்து 1909இல் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று மருத்துவம் பயின்று, 1916இல் திரும்பிவந்து தைக்காடு பெண்கள் மருத்துவமனையில் பணியேற்றார். அந்நாளில் ஏழை வீடுகளில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளின் குடும்பத்துப் பெண்களுக்கு முறையான பயிற்சி அளித்தார். 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். மாட்ஸ்லியின் கட்டுரைக்கு இந்த ஊர் தந்த பதில் இவர் என்று சொன்னால் மிகையாகாது.

வீட்டுக்குள்ளே நிலைமை என்ன? கரமனையிலும் கோட்டைக்குள்ளும் உள்ள பழைய அக்கிரகார வீடுகளில் மூன்று நாள் ஒதுங்கியிருக்கும் வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். தனிப் பாய், தனித் தட்டு, நான்காம் நாள் தலைமுழுக்கு. அது பெண்களுக்கு ஓய்வுக்காக ஏற்பட்டது என்று சிலர் இன்றும் சொல்வதுண்டு. ஓய்வு என்றால் எல்லோருக்கும் ஓய்வு இருந்திருக்க வேண்டும். கூட்டிப் பெருக்கிக் கொல்லையில் பாத்திரம் தேய்த்தவளுக்கும், வயலில் நாற்று நட்டவளுக்கும், சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவளுக்கும் அது கிடைக்கவில்லை. அவர்களில் பலருக்குத் தீட்டு மட்டும் இருந்தது.

இதே கேரளத்தில், செங்கன்னூர் மகாதேவர் கோவிலில் தேவிக்கு மாதவிடாய் வருவதாக நம்பி, திருப்பூத்து என்று விழாவாகவே கொண்டாடுகிறார்கள். தேவிக்கு வந்தால் ஆறாட்டு, தேவியை வணங்கும் பெண்ணுக்கு வந்தால் விலக்கு. எந்த ஐதீகத்தையும் நான் குறை கூறவில்லை. யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இன்றும் மாறாதது

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. ஒரு பாதை இரட்டிப்பு வேலையில் நான் இருந்தபோது, ஜல்லி சுமக்க ஒப்பந்தக்காரர் ஒருவர் நாற்பது கூலியாட்களைக் கொண்டுவந்தார். பாதிப் பேர் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மறைப்புக் கொட்டகை எதுவும் அவர் போடவில்லை. இரண்டு பெண்கள் சேலையைத் திரையாகப் பிடிக்க, மூன்றாமவள் ஒதுங்குவாள். சில நாள் ஒருத்தி வராவிட்டால் 'வயித்து வலியாம்' என்று மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொல்வார், கூலியைப் பிடித்துக்கொள்வார். ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கழிப்பறை தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, பெண்கள் புதர் மறைவில் இருந்தார்கள்.

2019இல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 100 பேரிடம் ஒரு சர்வதேசச் செய்தி நிறுவனம் விசாரித்தது. மாதவிடாய் வலியால் உற்பத்தி குறையாதிருக்க, மேற்பார்வையாளர்களே பெயர் தெரியாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியது வெளிவந்தது. அதே ஆண்டில் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தைப் பற்றிய செய்தி இதைவிடக் கொடியது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒருநாள் வராவிட்டால் அபராதம். அதற்குப் பயந்து பலர் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அரசு அமைத்த குழு விசாரித்ததில், 82,309 பெண்களில் 13,861 பேர் பத்து ஆண்டுகளில் இந்த அறுவைக்கு உள்ளாகியிருந்தார்கள். 1872இல் ராபர்ட் பேட்டி என்ற அமெரிக்க மருத்துவர் மாதவிடாய்க் கோளாறுக்கு மருந்தாகச் சினைப்பையை வெட்டியெடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதன் கேடு பின்னர் உணரப்பட்டுக் கைவிடப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு நம் நாட்டில் வறுமையே கத்தியைக் கையில் எடுத்திருக்கிறது.

தீட்டும் போய்விடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவில், பட்டுக்கோட்டைப் பகுதியில், பூப்பெய்தியதால் தனிக் குடிசையில் வைக்கப்பட்ட ஒரு சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள். பெற்றோர் கெட்டவர்கள் அல்ல. வழக்கத்தை மீறத் துணியவில்லை.

செய்ய முடிந்தவை

மாற்றம் சாத்தியம் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், கழிப்பறை இல்லாததால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே நின்றார்கள். தையல் வேலை செய்துவந்த விஜி என்பவர் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் மூலம் அவர்களைத் திரட்டினார். கழிப்பறையில் தொடங்கிய கோரிக்கை, உட்காரும் உரிமை வரை வளர்ந்தது. கேரள அரசு 2018இல் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது.

ஓய்வைப் பற்றியும் தெளிவு வேண்டும். காரெட் ஆண்டர்சன் கேட்டது, எல்லோரையும் ஒரே அளவுகோலால் முடக்காதே என்பதுதான். வலியால் துடிப்பவளுக்கு ஓய்வும் மருத்துவமும் கட்டாயம் வேண்டும், கூலி பிடிக்காமல். பீகார் அரசு 1992லேயே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு அளித்தது. கேரளத்தில் 2023இல் பல்கலைக்கழக மாணவிகளுக்கு வருகைப் பதிவில் சலுகை வந்தது. கூலி வேலைக்குப் போகிறவளுக்கு இன்னும் வரவில்லை.

அடுத்தது துணி. தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019-21இல், 15 முதல் 24 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 77 பேர் சுகாதாரமான முறையைப் பயன்படுத்தினார்கள். கேரளமும் தமிழ்நாடும் 90ஐத் தாண்டிவிட்டன. 2018 ஜூலையில் நாப்கினுக்கு இருந்த 12 சதவீத வரியும் நீங்கியது. ஆனால் பயன்படுத்திய நாப்கின் எங்கே போகிறது? அதனுள் இருக்கும் பொருள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். கழிப்பறையில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். எரித்தால் பிளாஸ்டிக் புகை. 2011இல் விளப்பில்சாலைக் குப்பை ஆலை மூடப்பட்ட பிறகு இந்நகரத்தார் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. நான்கு சென்ட் நிலம் உள்ளவர் தோட்டத்தில் புதைப்பார். ஒற்றை அறையில் குடியிருப்பவள் பொட்டலம் கட்டிக்கொண்டு இருட்டும் வரை காத்திருப்பாள்.

இதற்கும் திருவனந்தபுரத்திலிருந்தே ஒரு வழி பிறந்தது. பேரூர்க்கடையில் ஆலை வைத்துள்ள எச்.எல்.எல். நிறுவனம், 2018 வெள்ளத்தின்போது ஆலப்புழை நிவாரண முகாம்களில் நாப்கின் அகற்றும் சிக்கல் எழுந்ததையடுத்து, 2019இல் அந்நகராட்சியில் 5000 பெண்களுக்கு மென்ஸ்ட்ருவல் கப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கழுவிக் கழுவிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி, நாப்கின் இல்லாத பஞ்சாயத்து என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் கழுவுவதற்கு நல்ல தண்ணீரும், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் வேண்டும். குழாயடியில் வரிசையில் நிற்பவளுக்குக் கப் மட்டும் கொடுத்தால் போதாது. எங்கு சுற்றினாலும் தண்ணீரிலும் கதவிலும்தான் வந்து நிற்கிறது.

அரசு செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்கட்டும். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வேலைக்கு வரும் பெண் காலை ஏழு மணிக்கு வந்து, நான்கு வீடு முடித்து, பிற்பகலில் திரும்புகிறாள். இடையில் அவள் எங்கே போகிறாள்? நம் வீட்டுக் கழிப்பறையைத் தினமும் தேய்த்துக் கழுவும் அவள், அதைப் பயன்படுத்தலாம் என்று நாம் சொல்லியிருக்கிறோமா? வீட்டு அம்மையார்கள் வாய் திறந்து ஒருமுறை சொன்னால் போதும். சொல்லாதவரை அவளாகக் கேட்கமாட்டாள். ஒரு மூடியுள்ள கூடை, ஒரு சோப்பு, மாதத்தில் இரண்டு நாள் சம்பளம் பிடிக்காத விடுப்பு. ஒரு குடும்பத்துக்கு இது பெரிய செலவாகாது. நம் மகள்களும் இதைப் பார்த்து வளர்வார்கள்.

ஆற்றுக்கால் பொங்கலுக்கு நகரமே அடுப்பு மயமாகும். 1997இல் 15 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. அன்று வழியோர வீட்டார் முன்பின் அறியாத பெண்களுக்கு வாசலைத் திறந்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "உள்ளே பாத்ரூம் இருக்கும்மா, போயிட்டு வாங்க" என்று தாமாகவே சொல்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களும் ஆண்டுதோறும் அப்படித்தான் செய்துவருகின்றன. அந்த ஒரு நாள் வார்த்தையை, வருடம் முழுவதும் நம் வீட்டில் உழைக்கிறவளிடமும் சொல்லிவிடுவோம்.